‘அடிமை’ என்ற சொல் வேண்டாமாம்

தமிழ்ச் சங்கத்தின் அந்தக் கமிட்டியில் சேர்ந்த அன்றே சுகந்தினிக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓக்லண்டின் ஒனிஹங்காவில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் பின்னறையில், ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதர்கள் இரண்டாவது தேநீரும் ஆறும்வரை இழுத்தபோதுதான் வந்தது. அதற்குள் விழா அழைப்பிதழில் அவளுடைய பெயரைப் போட்டுவிட்டார்கள்.

சுகந்தினி நகரத்திலுள்ள ஒரு நூலகத்தில் அரிய நூல்களைப் பட்டியலிடும் வேலை பார்த்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதில் ஓக்லண்டுக்கு வந்தவள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு பாதிரியார் குடும்பத்தார் அவர்களுடைய பாட்டனார் சேர்த்துவைத்த சிறுபிரசுரங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து நூலகத்துக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதியில் அச்சானவை. நூலால் தைத்த மெல்லிய புத்தகங்கள். அடிமை முறையை ஒழிக்க வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டைதான் எல்லாவற்றிலும். சர்க்கரையில் இரத்தம் இருக்கிறது, அதைத் தேநீரில் போடாதீர்கள் என்று ஒருவர் எழுதுவார். கரும்புத் தோட்டத்து அடிமை இங்கிலாந்தின் கூலிக்காரனைவிட நன்றாகச் சாப்பிடுகிறான் என்று இன்னொருவர் பதில் எழுதுவார். அதற்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு இன்னொரு மறுப்பு. எழுதியவர்களில் யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. படித்துப் படித்துச் சுகந்தினிக்கும் பொறுமை போய்விட்டிருந்தது.

அந்தப் பெட்டிகளில் யாழ்ப்பாணத்தைப் பற்றி இரண்டு பிரசுரங்கள் இருந்தன. ஒன்று ஒரு மிஷனரி எழுதியது. வடக்கில் மூன்று சாதியாரைப் பிறப்பிலேயே அடிமைகளாக வைத்திருக்கிறார்கள், காணியோடு சேர்த்துச் சீதனமாகக் கொடுக்கிறார்கள், இதை உடனே நிறுத்த வேண்டும் என்று அது கேட்டது. மற்றது அதற்கான பதில். எழுதியவர் பெயர் போடவில்லை, ‘யாழ்ப்பாணத்துக் காணிக்காரர்களின் நண்பன்’ என்று கையெழுத்து. அவர்கள் அடிமைகளே அல்ல, வீட்டுப் பிள்ளைகள் போன்றவர்கள், கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் அவர்கள் இல்லாமல் முடியாது, திடீரென்று அவிழ்த்துவிட்டால் அவர்கள்தான் திண்டாடுவார்கள், எதையும் படிப்படியாகச் செய்ய வேண்டும், இது அதற்கான நேரமல்ல, எங்கள் வழக்கம் வெளியாருக்கு விளங்காது. இப்படிப் பக்கம் பக்கமாக. 1844இல் இலங்கையில் சட்டம் அடிமை முறையை ஒழித்துவிட்டது. நண்பன் அதற்குப் பிறகு என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

தமிழ் மரபு மாதத்துக்கு ஏதாவது கண்காட்சி வைக்க முடியுமா என்று சங்கத்தார் கேட்டபோது, நூலகத்தின் அனுமதியோடு ஏழு பலகைகள் செய்தாள். பிரசுரங்களின் படங்கள், அவற்றிலிருந்து சில வரிகள், தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம். முதல் ஆறையும் கமிட்டி கைதட்டி ஏற்றுக்கொண்டது. அடிமை முறை போனபின் தமிழ்க் கூலிகளைக் கப்பலேற்றிய கதை ஆறாவது பலகை. அதைப் பார்த்துவிட்டுத் தலைவர் இராசநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் இனம் பட்ட பாடு என்றார். அவருடைய பரம்பரையில் யாரும் கப்பலேறவில்லை. எல்லாரும் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தார்கள். சுகந்தினி அதைச் சொல்லாமல் விட்டாள்.

ஏழாவது பலகைதான் யாழ்ப்பாணம். அதில் வந்து நின்றது வண்டி.

“பிள்ளை, ‘அடிமை’ எண்டது கொஞ்சம் காரமான சொல்,” என்றார் இராசநாயகம்.

“அப்ப என்ன போடுறது ஐயா?”

ஆளுக்கொன்று வந்தது. குடிமக்கள். வேலையாட்கள். வீட்டோடு இருந்தவர்கள். பிரசுரத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது என்று அவள் படத்தைக் காட்டினாள். அது வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்றார்கள். சட்டமே அந்தப் பெயரில்தான் வந்தது என்றாள். அதுவும் வெள்ளைக்காரன் சட்டம்தானே என்றார்கள். துணைத் தலைவர் சுந்தரமூர்த்தி கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனமொன்றில் பெரிய பதவியில் இருப்பவர், சண்டையே பிடிக்காத மனிதர். “இது உங்க ஊர் விஷயம், நான் தலையிடலைங்க. பொதுவாச் சொல்றேன், குழந்தைங்க வர்ற இடம்,” என்றார். உங்கள் தமிழ்நாட்டிலும்தான், தஞ்சாவூர்ப் பண்ணை அடிமைகளைப் பற்றியும் பெட்டியில் பிரசுரங்கள் இருக்கின்றன, எட்டாவது பலகையாகப் போடட்டுமா என்று சுகந்தினி கேட்டாள். அவர் தொலைபேசியை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வேலையில் பகல் முழுக்க நண்பனின் மறுப்பைப் படித்துவிட்டு, மாலையில் இங்கே வந்தால் அதே மறுப்பை வாயால் சொல்கிறார்கள். இது நேரமல்ல, படிப்படியாகச் செய்வோம், வெளியாருக்கு விளங்காது. ஒரு வரி தப்பவில்லை. வீட்டுக்கு வந்து கணவன் யசீகரனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி, விட்டுவிடேன், ஆறு பலகை போதாதா என்று கேட்டான். அன்றிரவு முழுக்க அவனோடு அவள் கதைக்கவில்லை.

ஆனால் அவளை உண்மையில் வதைத்தவர் தலைவரோ துணைத் தலைவரோ அல்ல, செயலாளர் கேதீஸ்வரன். நகரின் மேற்குப் புறத்தில், ஹென்டர்சனில் இருந்தார், மின்சார வேலை செய்பவர். சங்கத்தின் எந்த விழாவானாலும் ஒலிபெருக்கியும் விளக்கும் அவர் பொறுப்பு. எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் பின்னால் போவார். அதிகம் பேசமாட்டார். ஏழாவது பலகை என்றதும் மட்டும் தலையைத் தூக்கி, “உது தேவையில்லை,” என்பார். ஏன் என்றால் பதில் இல்லை. அடுத்த கூட்டத்திலும் அதே, “உது தேவையில்லை.”

பலகைகளை அச்சுக்குக் கொடுப்பதும் அவர் பொறுப்புத்தான். ஆறு வந்தன. ஏழாவது கோப்பு திறக்கவில்லை என்றார். திரும்ப அனுப்பினாள். அளவு பிழை என்றார். அளவைத் திருத்தி அனுப்பினாள். மின்னஞ்சல் வரவேயில்லை என்றார். கடைசியில் அவளே வேலை முடிந்து கடைக்குப் போய் நின்று அச்சடித்து, கார்க் கண்ணாடிக்குக் குறுக்கே பலகையைச் சாய்த்துவைத்து, பின்னால் வரும் வாகனம் தெரியாமல் வீடுவந்து சேர்ந்தாள். வழியெல்லாம் கேதீஸ்வரனைத் திட்டினாள். வாயைத் திறந்து எதிர்ப்பவர்களை எதிர்கொள்ளலாம், இப்படி மௌனமாக வேலையைக் கெடுக்கிறவரை என்ன செய்வது? ஊரில் அவருடைய வீட்டுப் பின்வளவிலும் தலைமுறை தலைமுறையாக யாரோ அடிமையாக நின்றிருப்பார்கள், அதை மூடத்தான் இந்தப் பாடு என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அவளுடைய வீட்டிலும் அப்படித்தான் இருந்தார்கள். அதை அவள் மறைக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே, எங்கட வீட்டிலயும் இருந்தவை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். அன்று வீடு திரும்பும்போது அவளுக்குத் தன்னைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

கடைசிக் கூட்டத்தில் பலகை இருக்கட்டும், சொல்லும் இருக்கட்டும், இடத்தை மாற்றுவோம் என்று வந்தது. கழிவறைக்குப் போகும் நடைபாதைச் சுவர் சும்மாதானே கிடக்கிறது என்றார் கேதீஸ்வரன். ஒரு கையும் எதிர்த்து உயரவில்லை. அவ்வளவு வேகமாக அந்தக் கமிட்டி வேறெதையும் முடிவெடுத்து அவள் பார்த்ததில்லை.

விழாவன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் நடனம், ஓரத்தில் சாப்பாட்டுக் கடைகள். பிரதான சுவரில் வரிசையாக நின்ற ஆறு பலகைகளையும் ஆட்கள் முதுகால் தேய்த்துக்கொண்டு கொத்துரொட்டிக்கு நின்றார்கள். ஒரு தகப்பன் ஆறாவது பலகையில் குழந்தையின் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டிருந்தார். சுகந்தினி அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கி ஐந்தாவதில் மாட்டினார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு நடைபாதைப் பக்கம் போனாள். அங்கே ஒரே கூட்டம். குழாய் ஏதும் வெடித்துவிட்டதோ என்று பயந்துவிட்டாள். வெடிக்கவில்லை. பெண்களுக்கு மூன்று கழிவறைகள், ஒன்று பூட்டிக் கிடந்தது. சேலை கட்டியவர்களும் நடன உடுப்புப் போட்ட பிள்ளைகளும் சுவரை ஒட்டி நீள வரிசையில் நின்றார்கள். அந்த இடத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. கண் முன்னால் ஏழாவது பலகை. செய்ய வேறொன்றுமில்லாமல் ஒவ்வொருவரும் மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். வரிசை நகர மறுத்ததால் சிலர் இரண்டாம் முறையும் படித்தார்கள்.

அதில் வந்த வினை, பிள்ளைகளும் படித்தார்கள். ஆங்கில விளக்கத்தைப் படித்துவிட்டு ஆங்கிலத்திலேயே கேட்டார்கள்: இதில் நாங்கள் யார்?

சுகந்தினி ஓரமாக நின்று பதில்களைக் கேட்டாள். அது அந்தக் காலம் என்றார் ஒரு தாய். அது வேறு பகுதியில் நடந்தது என்றார் இன்னொருவர். எங்கள் ஆட்கள் டாக்டர்கள் என்று மூன்றாமவர் சொன்னார். ஒரு சிறுமி விடாமல் கேட்க, வரிசை நகர்கிறது, முன்னால் போ என்று அவளைத் தள்ளினார்கள். வரிசை நகரவில்லை.

செய்தி இராசநாயகத்திடம் போய்ச் சேர்ந்தது. அவரே வந்து பார்த்தார். பட்டு வேட்டியும் சால்வையுமாகக் கழிவறை வாசலில் நின்று பார்ப்பது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும், சட்டென்று திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் கேதீஸ்வரன் கையில் ஸ்குரூடிரைவருடன் வந்தார். நடைபாதை அப்போது வெறிச்சோடியிருந்தது. மேடையில் தலைவரின் உரை தொடங்கப்போகிறது என்று எல்லாரையும் உள்ளே அழைத்திருந்தார்கள். அவர் பலகையின் மேல்பக்கத்தைக் கழற்றி முடிக்கும்போது சுகந்தினி ஓடிவந்து கீழ்ப்பக்கத்தைப் பிடித்தாள்.

“விடுங்கோ அண்ணை.”

“ஐயா கழட்டச் சொன்னவர்.”

“ஐயா சொன்னால் நீங்கள் செய்வியள். எனக்குத் தெரியும் நீங்கள் ஏன் முதல்நாளிலயிருந்து உதுக்குக் குறுக்கால நிக்கிறியள் எண்டு. உங்கட ஆக்கள் செய்ததை உங்கட பிள்ளையள் அறியக்கூடாது. அவ்வளவுதானே?”

கேதீஸ்வரன் பலகையை விடவில்லை. அவளையும் பார்க்கவில்லை. பலகையில் எங்கேயோ பார்த்தபடி சொன்னார்.

“என்ர ஆக்கள் செய்யேல்லை, தங்கச்சி. உதில மூண்டு சாதிப் பேர் போட்டிருக்கிறியள். ரெண்டாவது நாங்கள்.”

உள்ளே ஒலிபெருக்கி கீச்சென்று கத்தி அடங்கியது. அவர் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் ஓரடி வைத்து, பிறகு நின்றுவிட்டார்.

சுகந்தினி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், அவர் கையை அசைத்து நிறுத்தினார். அவர் ஓக்லண்டுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. யாரைப் புதிதாகச் சந்தித்தாலும் முதல் கேள்வி, ஊரில் எவ்விடம்? அடுத்த கேள்வி, எந்தக் கோயிலடி? கோயிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அவர் எப்போதும் சந்தியடி என்பார். சந்தியடியில் எல்லாரும் இருப்பார்கள், அதற்கு மேல் யாராலும் தோண்ட முடியாது. தமிழர்கள் நெருங்கி இருக்கும் பக்கம் வேண்டாம் என்றுதான் ஹென்டர்சனில் வீடு பார்த்தார். மகள் வித்தியாவுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் வளரட்டும் என்று அவரும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். இதையெல்லாம் அவர் அடுக்கிச் சொல்லவில்லை. பாதி சொன்னார், பாதியை அவளே விளங்கிக்கொண்டாள்.

“உங்களுக்கு எங்கட வீட்டிலயும் இருந்தவை எண்டு எழும்பிச் சொல்லலாம். சொன்னால் கைதட்டுவினம். நான் எழும்பி என்னத்தைச் சொல்ல?”

அவள் பலகையிலிருந்து கையை எடுத்தாள். “கழட்டுங்கோ அண்ணை. நானே கொண்டுபோய்க் காருக்குள்ள வைக்கிறன்.”

“இப்ப கழட்டினா ஏனெண்டு கேப்பினம்,” என்றார் அவர் எரிச்சலோடு. அவருக்கும் பொறுமை போய்விட்டது. “போட முந்தியெல்லோ யோசிச்சிருக்கவேணும்.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பலகையைத் தாங்கியபடி, கழற்றவும் முடியாமல் மாட்டவும் முடியாமல் நின்றபோது வித்தியா வந்தாள். தகப்பனைத் தேடித்தான் வந்தாள், ஒலிபெருக்கி வேலை செய்யவில்லையாம். ஆனால் அதைச் சொல்லாமல் பலகையைக் காட்டிப் பேசினாள். காலையிலேயே படித்துவிட்டாளாம். நாங்கள் எந்தப் பக்கம் என்று இராசநாயகம் அங்கிளிடம் கேட்டாளாம். அவர் அவளுடைய தலையைத் தடவி, பயப்படாதே, நாங்கள் அடிமைகள் இல்லை, உன் அப்பா வீடு, என் வீடு எல்லாம் காணிக்காரர்கள் பக்கம் என்றாராம். அவளுக்கு அது அருவருப்பாக இருக்கிறதாம். ஆட்களை வைத்திருந்தோமா நாங்கள்? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? ஆங்கிலத்தில் படபடவென்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது. தகப்பனை ஏதோ குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கேதீஸ்வரனின் முகத்தில் என்ன ஓடியது என்று சுகந்தினியால் சொல்ல முடியவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. பத்தொன்பது வருடம் கட்டிக்காத்தது அவருக்கு இப்படி ஒரு மகளைத்தான் கொடுத்திருந்தது. செய்யாத பாவத்துக்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

“இல்லை மோனை. அவர் பிழையாச் சொல்லிப்போட்டார்,” என்றார்.

பிறகு விரலை எடுத்துப் பலகையில் இரண்டாவது பெயரின் மேல் வைத்தார்.

வித்தியா அந்தப் பெயரைப் படித்தாள். தகப்பனைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள். சுகந்தினி அங்கிருந்து போய்விட நினைத்தாள், ஆனால் பலகையின் கீழ்ப்பக்கம் மறுபடி அவள் கையில்தான் இருந்தது, விட்டால் விழுந்துவிடும். ஆகவே வேண்டாத விருந்தாளியாக அங்கேயே நின்றாள். தகப்பனும் மகளும் தாழ்ந்த குரலில், அவர் தமிழிலும் அவள் ஆங்கிலத்திலுமாகக் கதைத்தார்கள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஓம் என்றார். யாராவது உங்களுக்கு ஏதும் செய்தார்களா என்று கேட்டாள். அதைக் காரில் போகும்போது சொல்கிறேன் என்றார்.

அவள் சரி என்றாள். விறுவிறுவென்று நடந்து மண்டபத்துக்குள் போனாள். கேதீஸ்வரன் பலகையை மறுபடியும் மாட்டினார். ஒரு திருகாணி எங்கேயோ உருண்டு போயிருந்தது, பலகை சற்றுச் சரிந்தே நின்றது. அதை நிமிர்த்த அவர் அக்கறைப்படவில்லை.

வித்தியா உள்ளே போனது எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. ஒலிபெருக்கி சரியாகும்வரை கொத்துரொட்டி வரிசையில் நின்ற இராசநாயகத்திடம் நேரே போய், நீங்கள் சொன்னது தவறு, நாங்கள் மற்றப் பக்கம், அப்பா இப்போதுதான் சொன்னார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். அவர் கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாராம்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சுகந்தினியின் எரிச்சலைக் கூட்டத்தான் உதவின. மறுநாள் இராசநாயகம் கேதீஸ்வரனுக்குத் தொலைபேசி எடுத்து, நாங்கள் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்று மிகவும் அன்பாக, மிக நீளமாக எடுத்துச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் முதல் தேநீரை எல்லாருக்கும் முன்னால் கேதீஸ்வரனிடம் நீட்டினார்கள். அவர் குடித்து முடிக்கும்வரை யாரும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஒலிபெருக்கியைத் தூக்கப் போனபோது மூன்று பேர் பாய்ந்து வந்து வேண்டாம் வேண்டாம் நாங்கள் தூக்குகிறோம் என்றார்கள். அந்த மாதமே அவர் செயலாளர் பதவியை விட்டார். தனிப்பட்ட காரணங்கள் என்று குறிப்பில் எழுதினார்கள். சுகந்தினி எழுந்து, என்ன தனிப்பட்ட காரணம் என்று கேட்டாள். பிள்ளை, அதை விடு என்றார்கள். நூலகத்திலோ மேலதிகாரி, சமூகத்தோடு இவ்வளவு நெருங்கி வேலை செய்ததற்காக எல்லாருக்கும் தெரியும்படி அவளைப் பாராட்டினார். அவள் அந்தப் பாராட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணினியை மூடிவிட்டு வெளியே நடந்தாள். பேசியவள் அவள், விலை கொடுத்தவர் அவர் என்று யசீகரனிடம் சொன்னாள். அவன் இந்தத் தடவை விட்டுவிடு என்று சொல்லவில்லை.

பள்ளி விடுமுறையில் வித்தியா மின்னஞ்சல் அனுப்பினாள். அசல் பிரசுரங்களைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். சுகந்தினி வாசிப்பறையில் மேசை ஒதுக்கி, இரண்டையும் மென்மையான தாங்கியில் வைத்துக் கொடுத்தாள். பேனா கூடாது, பென்சில் மட்டும் என்றாள். வித்தியா தலைமுடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கீழே காரில் இருப்பதாகவும், எவ்வளவு கூப்பிட்டும் மேலே வரவில்லை என்றும் சொன்னாள்.

சுகந்தினி கீழே போனாள். கார் வாசலுக்கு எதிரே நின்றது. கேதீஸ்வரன் கண்ணாடியை இறக்கினார்.

“ரெண்டு மாடிதான் அண்ணை, லிஃப்ட் இருக்கு. வாங்கோ.”

“அவள் பாக்கட்டும். எனக்கு அதுக்குள்ள என்ன வேலை?”

அவள் வற்புறுத்தினாள். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கேட்டார்.

“அந்தப் பெட்டியள் முழுக்க நீங்கள்தானே பாத்தனீங்கள். அதில எங்கட ஆக்கள் ஆரும் எழுதினது ஒண்டாவது இருக்கே?”

பெட்டி பெட்டியாகச் சுகந்தினி மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். மிஷனரிகள் எழுதியது, தோட்டக்காரர்கள் எழுதியது, வழக்கறிஞர்கள் எழுதியது, காணிக்காரர்களின் நண்பர்கள் எழுதியது. கரும்புத் தோட்டத்திலிருந்து தப்பியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய இரண்டு மூன்று இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து இல்லை.

“இல்லை அண்ணை. ஒண்டும் இல்லை.”

“அப்ப ரெண்டு பகுதியும் எங்களைப் பற்றிச் சண்டை பிடிச்சிருக்கினம்,” என்றார். “அதை வாசிக்க நான் ஏன் மாடி ஏறவேணும்?”

பிரசுரங்களைப் பட்டியலிட்ட அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது இந்தக் கேள்வியை அவள் தனக்குள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளுக்குத் தன்மேல் வந்த எரிச்சல், கமிட்டிமேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

தெருமுனையில் பார்க்கிங் தண்டம் எழுதும் ஆள் வருவதைக் கேதீஸ்வரன் கண்ணாடியில் கண்டார். காரைக் கிளப்பினார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன், அவள் ஆறுதலாகப் படிக்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சுகந்தினி மேலே ஏறினாள். வித்தியா பென்சிலால் பக்கம் நிறைய எழுதியிருந்தாள், நண்பனின் மறுப்பில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. இந்த ஆள் ஏன் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்று நிமிராமலே கேட்டாள்.